பெய்ஜிங் பக்கம் கூடாரம் போடப் போகிறீர்களா? முதலில் மாதத்தைச் சொல்லுங்கள்

பெய்ஜிங் பக்கத்தில் கேம்பிங் போக நல்ல இடம் சொல்லுங்கள் என்று, வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக வந்த நம்மவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். எந்த மாசம் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால் சிலருக்குக் கோபம்கூட வருகிறது, மழுப்புகிறேன் என்று நினைக்கிறார்கள். மழுப்பவில்லை. இந்த ஊரில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. பெய்ஜிங் மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 16,400 சதுர கிலோமீட்டர், அதில் பாதிக்கு மேல் மலை. வடக்கே ஹுவாய்ரோ, மீயுன், யான்ச்சிங், மேற்கே மென்தோகோ, ஃபாங்ஷான் என்று எந்த மாவட்டத்தில் இறங்கினாலும் மலை, ஓடை, பழத்தோப்பு எல்லாம் கிடைக்கும். அங்கே ராத்திரி தங்க விடுவார்களா என்பதுதான் கேள்வி. அது இடத்தைவிட மாதத்தைப் பொறுத்தது. இதை எனக்கு யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் 620 யுவானும், கிட்டத்தட்ட ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய், ஒரு விடுமுறையும், கொஞ்சம் மானமும் மிச்சமாகியிருக்கும்.

2023 மே தின விடுமுறை. கோவிட் கட்டுப்பாடுகள் எல்லாம் போனபிறகு வந்த முதல் மே தின விடுமுறை அது. சீனாவே கிளம்பி ஊர் சுற்றியது. என்னோடு வருவதாகச் சொன்ன ரெண்டு பேரும் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டார்கள். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், சின்ன கேஸ் அடுப்பு எல்லாம் வாங்கியாகிவிட்டது. ஹுவாய்ரோவின் வடக்கே ஓடைக்கரையில் ஒரு தனியார் முகாமில் சொந்தக் கூடாரம் போட இடத்துக்கு 260 யுவான் கட்டியும் ஆகிவிட்டது. வீசாட் என்ற சீனச் செயலியில் இருக்கும் அவர்கள் முன்பதிவுப் பக்கம் சீன அடையாள அட்டை எண் கேட்டது. என்னிடம் பாஸ்போர்ட்தான் இருக்கிறது என்று போன் செய்து சொன்னேன். போனை எடுத்த பெண் சிரித்துக்கொண்டே பரவாயில்லை, வாங்க என்றாள். சரி, தனியாகவே போவோம் என்று கிளம்பினேன்.

முதல் அடி சுரங்க ரயில் வாசலிலேயே விழுந்தது. பெய்ஜிங் மெட்ரோவில் எந்த நிலையத்தில் நுழைந்தாலும் பையை எக்ஸ்ரே இயந்திரத்தில் போட வேண்டும், தெரியும். கேஸ் குப்பி தடைசெய்யப்பட்ட பொருள் என்பதும் ஓரளவு தெரியும், ஆனால் உள்ளங்கை அகலத்தில் இருக்கும் இந்தக் குட்டிக் குப்பியையுமா? இதையும்தான். பாதுகாப்புப் பணியாளர் எடுத்துத் தனியே வைத்தார், ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கினார், அவ்வளவுதான். மடக்குக் கத்தியும் அதோடு போனது. ரயிலிலும் பேருந்திலும் இதே கதைதான், விமானத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கூரியரிலும் எளிதில் அனுப்ப மாட்டார்கள். இப்போது நான் வைத்திருப்பது நீளக் குப்பி போடுகிற அடுப்பு. உணவகங்களில் மேசை மேல் வைத்து ஹாட்பாட் கொதிக்க விடுவார்களே, அதே வகை. அந்தக் குப்பியை மாவட்டத் தலைநகரின் சூப்பர் மார்க்கெட்டிலேயே வாங்கிக்கொள்ளலாம், நகரத்திலிருந்து தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. அதுவும் தீ மூட்டலாம் என்கிற மாதங்களில் மட்டும். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

தோங்ஜிமென் நிலையத்திலிருந்து ஹுவாய்ரோவுக்கு 916 விரைவுப் பேருந்து. கூட்டத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஹுவாய்ரோ நெருங்கும்போது ஒரு நிறுத்தத்தில் நீலச் சட்டைக்காரர் ஒருவர் ஏறி, நேராக என்னிடம் வந்து, இறங்கு, இறங்கு, பெருஞ்சுவர் இங்கேதான், இதற்கு மேல் பஸ் போகாது என்று ஆங்கிலத்தில் அவசரப்படுத்தினார். சட்டையைப் பார்த்தால் நடத்துநர் மாதிரியே இருக்கும். அவர் நடத்துநர் இல்லை, கீழே நிற்கும் காருக்கு ஆள் பிடிக்கிறவர். பெருஞ்சுவரின் முத்தியன்யூ பகுதிக்குப் போகும் வெளிநாட்டுக்காரர்களைக் குறிவைத்துப் பல வருஷமாக நடக்கும் வியாபாரம் இது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி அந்த ஆளைப் பார்க்காமலேயே என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். நான் அசையவில்லை. பேருந்து கிளம்பியது. ஆனால் கடைசி நிறுத்தத்தில் இறங்கியபோது, நான் நம்பியிருந்த எச் வரிசைக் கிராமப் பேருந்து நிரம்பி வழிந்துகொண்டு போய்விட்டது. அடுத்ததற்கு ரெண்டு மணி நேரம். ஆக, நான் தப்பித்து வந்த அந்தக் கார்க்காரரைப் போன்ற இன்னொருவருக்கு 150 யுவான் கொடுத்துத்தான் போக வேண்டியிருந்தது. விடுமுறை நாளில் கிராமப் பேருந்தை நம்புகிறவர்கள் காலை முதல் வண்டியைப் பிடிப்பது போல நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் கடைசி வண்டி பல ஊர்களில் இருட்டுவதற்கு முன்னாலேயே போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கிராமத்துக்கு உள்ளே போகும் சாலையில் குறுக்கே ஒரு கம்பு. சிவப்புக் கைப்பட்டை கட்டின ரெண்டு பெரியவர்கள் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த கியூஆர் குறியீட்டைக் காட்டி ஸ்கேன் செய், பெயரும் போன் எண்ணும் பதிவு செய் என்றார்கள். அப்புறம் லைட்டரைக் கேட்டார்கள். பையில் கூடாரக் கம்பிகள் தெரிந்ததும் ஒருவர் எழுந்து நின்றார். எங்கே போகிறாய்? மலைக்கா? மலைக்குப் போகக்கூடாது. அடுப்பு இருக்கிறதா? எடு. குப்பி ஏற்கெனவே போய்விட்டதால் வெறும் அடுப்பைக் காட்டினேன். அதையும் வாங்கி வைத்துக்கொண்டு, போகும்போது வாங்கிக்கொள் என்றார்.

அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெரியவர் காலடியில் இருந்ததை எனக்குக் காட்டினார். பாப்லர் மரங்கள் பஞ்சு விடும் காலம் அது. ஏப்ரல் பாதியிலிருந்து மே கடைசி வரைக்கும் பெய்ஜிங் முழுக்க வெள்ளைப் பஞ்சு பறக்கும், மூக்கில் ஏறும், சாலையோரம் கால்வாயில் கணுக்கால் உயரம் சேர்ந்து கிடக்கும். என் லைட்டரை எடுத்து, தார்ச்சாலையின் நடுவில் ஒரு பிடி பஞ்சைப் போட்டு, சுடரைக் காட்டினார். எரிந்தது என்று சொல்ல முடியாது. இருந்தது, அடுத்த நொடி இல்லை. கரிகூட மிஞ்சவில்லை. ஓரத்தில் சேர்ந்திருந்த பஞ்சுக் குவியலைக் கையால் காட்டிவிட்டு, அதிலிருந்து மலைச் சரிவு வரைக்கும் விரலை இழுத்துக்கொண்டு போனார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பெய்ஜிங்கில் காட்டுத்தீத் தடுப்புக் காலம் என்று ஒன்று சட்டப்படி இருக்கிறது: நவம்பர் 1 முதல் மே 31 வரை. வருஷத்தில் ஏழு மாசம். மழையும் பனியும் குறைவு, காற்று அதிகம், சருகு காய்ந்து கிடக்கும். இந்த ஏழு மாசமும் காட்டுப் பகுதியில் அடுப்பு, பார்பிக்யூ, சிகரெட் எதுவும் கிடையாது. பல மலைப்பாதைகளில் ஆளையே விட மாட்டார்கள். கல்லறைக்குப் போகும் சிங்மிங் சமயமான ஏப்ரல் தொடக்கத்தில் கெடுபிடி உச்சத்தில் இருக்கும். வசந்தகாலம், வெயில் இதமாக இருக்கும், மே விடுமுறை வருகிறது என்று நமக்குத் தோன்றுகிற அதே நேரம்தான் இது. புகை கண்டால் 12119 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும், அதையும் போனில் சேமித்துவையுங்கள்.

முகாமுக்கு நடந்தேன். அதற்கு ஒரு சுற்று வழி. நான் வெளிநாட்டு வரைபடச் செயலி ஒன்றில் இடத்தைக் குறித்து வைத்திருந்தேன். அது ஓடைக்கு அந்தப் பக்கம் காட்டியது. சீனாவில் அதிகாரபூர்வ வரைபடங்கள் எல்லாம் உலக அளவில் புழங்கும் ஆயத்தொலைவிலிருந்து வேண்டுமென்றே நகர்த்தி வைத்த முறையில்தான் இருக்கும். அதனால் உள்ளூர்க்காரர் அனுப்பும் புள்ளியை வெளிநாட்டுச் செயலியில் போட்டால் சில நூறு மீட்டர் தள்ளி விழும். நகரத்தில் ஒரு தெரு மாறும், அவ்வளவுதான். மலையில் அது அடுத்த பள்ளத்தாக்கு. உள்ளூர்ச் செயலியான கவ்தே வரைபடத்தையே பயன்படுத்துங்கள், ஊரின் பெயரைச் சீன எழுத்தில் எழுதிக் கையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

முகாம் வாசலில் ஒரு கூடாரம் அளவுக்குப் பெரிய பலகை, விளக்குத் தோரணம், காபி வண்டி. 2020-க்குப் பிறகு சீனாவில் இந்த ஆடம்பர கேம்பிங் மோகம் காட்டுத்தனமாக வளர்ந்திருக்கிறது. கௌண்டரில் இருந்த பையன் என் பாஸ்போர்ட்டை அடையாள அட்டை படிக்கும் இயந்திரத்தின் மேல் வைத்தான். திருப்பி வைத்தான். அட்டை இல்லையா என்றான். போனில் சொன்னேனே என்றேன். யாரோ ஒருவரை அழைத்தான், அவர் இன்னொருவரை அழைத்தார். கடைசியில் மேலாளர் வந்து, வெளிநாட்டவரைப் பதிவு செய்ய எங்களுக்கு வழியில்லை, தங்க வைத்தால் எங்களுக்குப் பிரச்சினை என்றார். பணம்? விடுமுறைக் காலக் கட்டணம் திருப்பித் தரப்படாது. எழுதியிருக்கிறதே, பார்க்கவில்லையா?

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது என்று சொல்ல வெட்கமில்லை. பின்னால் வரிசையில் குழந்தைகளோடு நின்றவர்கள் என்னையே பார்த்தார்கள். என் சீன மொழி சண்டை போடும் அளவுக்குப் போதாது. கடையில் பேரம் பேசலாம், டாக்டரிடம் வயிற்று வலி சொல்லலாம், நியாயம் கேட்க வேண்டுமென்றால் வாய் கட்டிப்போய்விடுகிறது. அந்நிய மண்ணில் தனியாக இருப்பதன் மொத்தக் கனமும் இந்த மாதிரி கௌண்டர்களில்தான் தெரியும்.

இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது: போனில் கிடைத்த சரி எதற்கும் உதவாது. வீசாட்டில் எழுத்தில் வாங்குங்கள். இந்திய பாஸ்போர்ட், சொந்தக் கூடாரம், இன்ன தேதி, பதிவு செய்ய முடியுமா என்று கேட்டு, முடியும் என்ற பதிலைப் படம் எடுத்து வையுங்கள். வெளிநாட்டவர் எங்கே ராத்திரி தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிவாக வேண்டும் என்பது சட்டம். ஓட்டல் என்றால் அவர்களே செய்வார்கள். முகாம்களும் கிராமத்து விருந்தினர் வீடுகளும் பயப்படுவது இதற்குத்தான். வெளிநாட்டவரைத் தங்க வைக்கத் தகுதி இல்லை என்று சொல்லி விடுதிகள் திருப்பி அனுப்பக்கூடாது என 2024-இல் அரசுத் துறைகள் அறிவித்தன, நிலைமை மெதுவாக மாறியும் வருகிறது. ஆனால் அந்தச் செய்தி மலைக்கிராமம் வரை ஏறி வர நேரமாகும். வந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருக்காதீர்கள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பேருந்து போய்விட்டது, தீதி என்ற டாக்ஸிச் செயலியில் வண்டி தேடினால் சுற்றிக்கொண்டே இருந்தது. கிராமத்தில் விருந்தினர் வீடுகள் வரிசையாக இருந்தன. முதல் வீட்டில் இடமில்லை. அடுத்த வீட்டில் இடம் இருந்தது, பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் இல்லாமல் போனது. அதற்கு அடுத்த வீட்டில் கேட்கிற தெம்பே இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வீட்டம்மா வெளியே வந்து, என்னையும் பையையும் பார்த்து, அதென்ன என்றார். கூடாரம் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"வீட்டுக்குள்ள படுத்தா பதிவு பண்ணணும், எனக்கு அது தெரியாது. நீதான் கூடாரம் வச்சிருக்கியே, கொல்லையில போட்டுக்கோ."

அவர் வீட்டுக்காரர் கிராமக் குழுவில் யாருக்கோ போன் செய்தார். ஒருவர் மின்சார ஸ்கூட்டரில் வந்து என் பாஸ்போர்ட்டையும் வசிப்பு அனுமதியையும் படம் எடுத்துக்கொண்டு, தீ மூட்டாதே என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டுப் போனார். பாஸ்போர்ட்டின் அசலை நான் எப்போதும் கையோடு கொண்டுபோவேன், நகலை மட்டும் எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கதவும் திறந்திருக்காது. கொல்லை முழுக்க செஸ்ட்நட் மரங்கள், ஹுவாய்ரோ அதற்குப் பேர் போன ஊர். மரத்தடியில் போன வருஷத்துக் காய் ஓடுகள் காய்ந்து கிடந்தன, ஒவ்வொன்றும் ஊசி ஊசியாய். கூடாரத் துணியை விரிக்கப் போனவளை அந்தம்மா தடுத்து, சோளத்தட்டு விளக்குமாறு கொண்டுவந்து, ஒரு சதுரம் மட்டும் மண் தெரியப் பெருக்கிக் கொடுத்தார். பெருக்கிய பிறகும் குனிந்து கையால் தடவிப் பார்த்து, மண்ணில் புதைந்திருந்த நாலைந்து முள்ளை நகத்தால் நோண்டி எடுத்தார். ராத்திரிக்குத் தக்காளி போட்ட முட்டையும் இரும்புச் சட்டியின் ஓரத்தில் அப்பிச் சுட்ட மக்காச்சோள ரொட்டியும். எல்லாவற்றுக்கும் 50 யுவான்தான் வாங்கினார்.

குளிர்தான் வதைத்தது. பகலில் டி-சர்ட் போட்டு வேர்த்த இடத்தில் விடியற்காலை மூச்சு ஆவியாகத் தெரிந்தது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் சுமார் ஆறு டிகிரி குறையும், பெய்ஜிங் வறண்ட ஊர் என்பதால் ராத்திரி இன்னும் வேகமாகக் குளிரும். நகர வெப்பநிலையைப் பார்த்து ஸ்லீப்பிங் பேக் வாங்காதீர்கள். தரைக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு கனமான ஃபோம் பாய் அவசியம், குளிர் கீழேயிருந்துதான் ஏறும். மறுநாள் காலையில் அடுப்பையும் லைட்டரையும் வாங்கிக்கொண்டு, விடுமுறை நெரிசலில் வேறு வழியில்லாமல் 290 யுவானுக்கு ஒரு காரில் ஊர் திரும்பினேன். முகாம் பணத்துக்காக 12345-ஐ அழைத்தேன். பெய்ஜிங் அரசின் உதவி எண் அது, ஆங்கிலத்திலும் பேசலாம். சில வாரம் கழித்துப் பாதிப் பணம் வந்தது. அந்தப் பாதியும் வராது என்றுதான் எல்லாரும் சொல்லியிருந்தார்கள்.

சரி, அப்படியானால் ஜூன் முதல் அக்டோபர் வரை தாராளமாகப் போகலாமா? நடுவில் இன்னொரு பூட்டு இருக்கிறது. பெய்ஜிங்கின் வருஷ மழையில் பெரும்பகுதி ஜூலை, ஆகஸ்ட்டில் கொட்டிவிடும். 2012 ஜூலை 21 மழையில் 79 பேர் இறந்தார்கள், ஃபாங்ஷான் பக்கம் சேதம் மோசம். நான் போய்வந்த அதே 2023-இல், ஜூலை கடைசியில் டோக்சுரி புயலின் மிச்சம் வந்து மென்தோகோவையும் ஃபாங்ஷானையும் புரட்டிப் போட்டது. 2025 ஜூலையில் மீயுனும் ஹுவாய்ரோவும். நகரவாசிகள் கூடாரம் போட ஆசைப்படும் அழகான கூழாங்கல் படுகை இருக்கிறதே, அது வெள்ளம் போகிற பாதை. தலைக்கு மேலே வானம் வெளுத்திருக்கும்போதே மேலே எங்கோ பெய்த மழை வந்து சேரும். 2022 ஆகஸ்டில் செங்டு பக்கத்து பெங்ஜோவில் லோங்ட்சாவ்கோ ஓடையில் அப்படித்தான் பொழுதுபோக்க வந்தவர்கள் ஏழு பேர் போனார்கள். வானிலை எச்சரிக்கை நீலம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஏறும். மலைப் பகுதிக்கு மஞ்சள் வந்தாலே நான் பயணத்தை ரத்து செய்துவிடுவேன். பணம் போனால் போகட்டும்.

ஆக மிஞ்சுவது ஜூன் மாசமும், செப்டம்பர் தொடங்கி அக்டோபர் கடைசி வரைக்கும். அதிலும் அக்டோபர் முதல் வாரம் தேசிய தின விடுமுறை, சாலையில் கார்கள் நகராது. செப்டம்பர் நடுவில் ஒரு வார நாளில் லீவு போட்டு யான்ச்சிங் போங்கள், என் வோட்டு அதற்குத்தான். ஹுவாங்தூதியன் நிலையத்திலிருந்து எஸ்2 புறநகர் ரயில் பெருஞ்சுவரைத் தொட்டுக்கொண்டு மலைக்குள் நுழைந்து போகும், தேஷெங்மென்னிலிருந்து 919 பேருந்தும் உண்டு. நகரத்தைவிடக் குளிர்ச்சியான மாவட்டம், சமவெளியும் மலையும் ஒரே பார்வையில் கிடைக்கும், குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டி வசதிகள் பெருகிவிட்டன. முறையாகப் பதிவு செய்து நடக்கும் முகாம்களில் மட்டும் தங்குங்கள்.

பழைய பயணக் குறிப்புகளில் வரும் மூன்று இடங்களை நம்பிப் போகாதீர்கள். ஒன்று, 2,241 மீட்டர் உயர ஹாய்த்துவோ மலையின் உச்சிப் புல்வெளி. ஒரு காலத்தில் பெய்ஜிங் மலையேறிகள் எல்லாரும் கூடாரம் போட்ட இடம், ஆனால் அது சோங்ஷான் இயற்கைக் காப்பகத்தை ஒட்டியது, காப்பகத்தின் வழியே கடந்து போகத் தடை. அடுத்தது ஜியான்கோ மாதிரி சீரமைக்காத பெருஞ்சுவர். கோபுரத்துக்குள் படுத்துச் சூரிய உதயம் பார்த்த படங்கள் நிறைய கிடைக்கும். பெருஞ்சுவரைக் காக்கத் தனி விதிமுறை 2006-லேயே வந்தாயிற்று, திறக்கப்படாத பகுதிகளில் ஏறவே கூடாது. கல்லும் தளர்ந்து கிடக்கிறது, விழுந்தால் தூக்கிவர ஆள் வரப் பல மணி நேரம் ஆகும். கடைசியாக மீயுன் நீர்த்தேக்கம். 1960-இல் கட்டி முடித்தது, பெய்ஜிங் குடிக்கும் தண்ணீர். கரையோரம் கூடாரம், குளியல், மீன்பிடிப்பு எதுவும் கூடாது, வேலி போட்டிருக்கிறார்கள்.

ஜூலை, ஆகஸ்டில்தான் லீவு கிடைக்கும் என்கிறவர்கள் பெய்ஜிங் எல்லையைத் தாண்டி ஹெபெய் மாகாணத்துக்குப் போங்கள். ஜாங்பெய், ஃபெங்நிங் பக்கத்துப் பாஷாங் புல்வெளிகள் மேட்டு நிலம், குறுகிய பள்ளத்தாக்கு கிடையாது. பெய்ஜிங் 35 டிகிரியில் வேகும்போது அங்கே ராத்திரி ஸ்வெட்டர் கேட்கும். 2019 கடைசியில் திறந்த அதிவேக ரயிலில் ஜாங்ஜியாகோ ஒரு மணி நேரத் தூரம், அங்கிருந்து காரில் மேலே. இடி மின்னலுக்கு மட்டும் ஒதுங்க இடம் பார்த்து வையுங்கள், திறந்த வெளியில் நீங்கள்தான் உயரமான பொருள்.

சாப்பாட்டுக்கு இப்போது பெரும்பாலும் அடுப்பு எடுத்துப் போவதில்லை. புளிசாதம் கட்டிக்கொண்டு போகிறேன், ஒரு நாள் முழுக்கத் தாங்கும். கூடவே தண்ணீர் ஊற்றினால் தானே சூடாகும் ஹாட்பாட் டப்பா, சைவமும் கிடைக்கும். தீ இல்லாததால் கூடாரத்துக்குள் சூடாக்கலாம் என்று நினைக்காதீர்கள், கொதிக்கும் ஆவியும் வாயுவும் வரும், வெளியில் வைத்தே செய்யுங்கள். ஃபிளாஸ்க் ஒன்று இருந்தால் சீனாவில் பல கடைகளிலும் ரயில் நிலையங்களிலும் வெந்நீர் இலவசம். அப்புறம் உண்ணி. மே முதல் செப்டம்பர் வரை புல்லில் இருக்கும். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்புறம் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் கிள்ளி இழுக்காமல், இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக எடுக்க வேண்டும்.

கூடாரத்தில் படுத்துப் புத்தகம் படிக்கும் ஆசைதான் என்றால் மலைக்கே போக வேண்டாம். நகரத்துப் பெரிய பூங்காக்கள் பலவற்றில் புல்வெளியில் பகலில் கூடாரம் போட இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், இருட்டுமுன் மடித்துவிட வேண்டும். அங்கே யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை.